ஓடைநீர்ச் சிற்றுயிர்களும் மாறிவரும் தட்பவெப்பமும்

உயிர்களை அவை பெற்றுள்ள பொறிகளின் அளவைக் கொண்டு ஓரறிவுயிர், ஈரறிவுயிர் எனப் பகுத்துணரும் முறை நம் இல்லங்களில் சிறுவர்க்கும் தெரிந்த ஒன்று. தொல்காப்பியரும் தம் மரபியலில் நத்தை இனத்தை ஈரறிவுடையன என்றும், சிதலையும் எறும்பையும் மூவறிவுடையன என்றும், நண்டையும் தும்பியையும் நாலறிவுடையன என்றும் வைத்தார். தும்பி என்னும் சொல்லுக்கு வண்டு என்று பொருள் கொள்வாரும் உளர். அவ்வழக்கு இங்கு நமக்குத் தடையன்று. நாம் நோக்க வேண்டுவது வேறொன்று. இவ்வரிசையில் நீரை நம்பி வாழ்வன எத்துணை என்பதே அது. நத்தை நீரில் ஊர்வது. நண்டு நீரையும் கரையையும் பகிர்ந்து வாழ்வது. தட்டாரப்பூச்சி என நாம் அழைக்கும் தும்பியோ தன் இளமைக் காலம் முழுவதையும் நீருக்கடியிற் கழித்துவிட்டுப் பின்னரே சிறகு பெறுகிறது.

வடிகட்டாத நீரைப் பருகலாகாது என்பது நாம் வழிவழியாகக் காத்துவரும் ஒழுக்கம். அதன் மறுபாதியைச் சிலர் மறந்துவிடுகின்றனர். வடிகட்டிய துணியில் தங்கிய உயிர்களை, எந்நீரிலிருந்து முகந்தோமோ அந்நீரிலேயே மெல்ல அலசிவிடுதல் வேண்டும் என்பதே அம்மறுபாதி. கிணற்று நீரில் பிறந்ததைக் குளத்தில் விடுவதும், குளத்தில் பிறந்ததைக் குடத்தில் விடுவதும் கூடா. ஒவ்வொரு நீருக்கும் அதற்குரிய சூடு, உப்பு, காற்று என்பன உள. ஒரு நீரில் வாழப் பிறந்தது வேறொரு நீரில் மாய்ந்துபோம். இதனை நுண்ணோக்காடி தோன்றுதற்கு முன்னரே கண்டுணர்ந்து ஒழுக்கமாக்கி வைத்தவர்களின் கூர்மையை எண்ணுந்தொறும் வியப்பே மிகுகிறது.

ஆயின் இன்று ஒரு கேள்வி எழுகின்றது. சிற்றுயிரை அது பிறந்த நீரிலேயே விட்டோம். அந்நீரே அதற்கு ஒவ்வாததாய் மாறிவிட்டால் யாது செய்வது? உலகின் பல நாடுகளில் நன்னீர் ஓடைகளைப் பல்லாண்டுகள் இடைவிடாது நோக்கிய அறிஞர்கள் கண்டவற்றுள் சிலவற்றை, இக்கேள்வியை முன்வைத்தே இக்கட்டுரையிற் காண்போம்.

கல்லின் அடியில் ஓர் ஊர்

மலையிலிருந்து இறங்கும் குளிர்ந்த ஓடையொன்றில் முழங்கால் அளவு நீரில் நின்று, அடியிற் கிடக்கும் கல்லொன்றைப் புரட்டிப் பார்ப்பவர்க்கு முதலில் எதுவும் தெரியாது. சிறிது பொறுத்தால் கல்லின் அடிப்புறமே அசைவது தெரியும். தட்டையான உடலும் மூன்று மெல்லிய வால்களும் கொண்டு கல்லோடு ஒட்டி நழுவுவது மே ஈ எனப்படும் பூச்சியின் இளம்பருவம். இரு வால்களோடு, சற்றே பருத்து, மெல்ல நடப்பது கல் ஈயின் இளம்பருவம். மணற்பொடிகளையும் இலைத்துணுக்குகளையும் தன் வாயினின்று சுரக்கும் பட்டிழையால் ஒட்டிக் குழல்போன்ற கூடொன்றைச் செய்து, அதனுள் உடலை மறைத்துத் தலையையும் கால்களையும் மட்டும் நீட்டி இழுத்துச் செல்வது கேடிஸ் ஈயின் புழு. அவ்வினத்திலேயே சில கூடு கட்டாமல், கற்களின் இடையே சிறு வலை பின்னி, ஓட்டம் கொண்டுவரும் உணவை அதிலே பிடிக்கின்றன. மீன் வலையை மனிதர் கண்டுபிடித்தனர் என்று நாம் பெருமை பேசுவதற்கு முன் இவற்றை ஒருமுறை பார்த்தல் நன்று.

இவற்றோடு இறாலின் சிறு உறவினவாகிய காமாரஸ் என்பன, தட்டைப்புழுக்கள், நத்தைகள், விசிறிபோன்ற மயிர்களை நீரில் விரித்து உணவை அரித்துண்ணும் கருஞ்சிற்றீயின் புழுக்கள் என எண்ணிறந்தன அக்கல்லின் அடியில் வாழ்கின்றன. முதுகெலும்பில்லாதன என்று ஒரே சொல்லால் இவையனைத்தையும் நூல்கள் குறிக்கும். இல்லாத ஒன்றைச் சொல்லிப் பெயரிடுவது இவ்வுயிர்களுக்குச் செய்யும் நீதியன்று என்பது எம் கருத்து. எனினும் வேறு பொதுச்சொல் வழக்கில் இன்மையால் நாமும் அதனையே கொள்வோம்.

மே ஈயின் வாழ்வு தனியே கருதத்தக்கது. நீருக்குள் சில மாதங்கள் முதல் ஓரிரு ஆண்டுகள் வரை வளர்ந்து, பலமுறை தோலுரித்து, ஒருநாள் நீர்மட்டத்துக்கு வந்து சிறகு பெறுகிறது. சிறகு பெற்ற பின்னும் ஒருமுறை தோலுரிப்பது பூச்சிகளுள் இஃது ஒன்றே. சிறகு பெற்ற பருவத்தில் அதற்கு உண்ண வாய் பயன்படாது. சில மணி நேரமோ, ஓரிரு நாளோ பறந்து, இணைந்து, முட்டையிட்டு மாய்கிறது. அதன் கிரேக்கப் பெயரே ஒருநாள் வாழ்வது என்னும் பொருளுடையது. ஆனால் அந்த ஒரு நாளுக்குப் பின்னால் நீருக்கடியில் கழிந்த நெடுங்காலம் ஒன்று உண்டு என்பதனை மறத்தலாகாது. தட்பவெப்ப மாற்றம் தாக்குவது பெரிதும் அந்த நெடுங்காலத்தையே.

வெப்பமும் மூச்சும்

இச்சிற்றுயிர்களுக்கு நம்மைப்போல் உடலின் சூட்டைத் தானே காத்துக்கொள்ளும் ஆற்றல் இல்லை. நீரின் சூடு எதுவோ அதுவே அவற்றின் உடற்சூடு. நீர் ஒரு டிகிரி வெப்பமுற்றால் உடலும் ஒரு டிகிரி வெப்பமுறும். உடலினுள் நிகழும் எரிதலும் விரைவுபெறும். பொதுவாக 10 டிகிரி செல்சியஸ் ஏறினால் அவ்வெரிதல் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பர். எரிதல் மிகின் பிராணவாயுவின் தேவையும் மிகும் அன்றோ?

இங்கேதான் இடர் தோன்றுகிறது. நீர் சூடேறச் சூடேற, அது தன்னுள் கரைத்து வைத்திருக்கும் பிராணவாயு குறைந்துகொண்டே போகும். கடல்மட்ட அழுத்தத்தில் தூய நீர் ஒரு லிட்டரில் 0 டிகிரியில் 14.6 மில்லிகிராம் பிராணவாயுவைத் தாங்கும். 10 டிகிரியில் 11.3, 20 டிகிரியில் 9.1, 30 டிகிரியில் ஏறத்தாழ 7.6 மட்டுமே. ஆக, வெப்பம் உயிரின் தேவையைக் கூட்டுகிறது. அதே வெப்பம் கிடைப்பதைக் குறைக்கிறது. வருவாய் குறையும் மாதத்திலேயே செலவு கூடும் குடும்பத்தின் நிலையை ஒத்தது இது.

மே ஈயின் இளம்பருவத்துக்கு வயிற்றின் இருபுறமும் இலைபோன்ற செவுள்கள் உள. சில வகைகள் அவற்றை விசிறிபோல் அசைத்து நீரைத் தம்பால் ஈர்த்துக்கொள்ளும். கல் ஈயின் சில வகைகளோ பிராணவாயு குறையும்போது கால்களை ஊன்றி உடலை மேலும் கீழுமாக ஏற்றி இறக்குகின்றன. தண்டால் எடுக்கும் மல்லனைப் போன்று இவை செய்யும் அச்செயல், உடலைச் சுற்றியுள்ள நீரைப் புதுப்பித்துக்கொள்ளவே. தட்டைப்புழுவுக்குச் செவுளும் இல்லை, குருதியும் இல்லை. தோலின் வழியே ஊறி வரும் வாயுவே அதற்கு மூச்சு. இவற்றைக் கொண்டு, ஒரே ஓடையில் வாழ்ந்தாலும் எல்லா உயிர்க்கும் வெப்பம் ஒரே வகையில் துன்பம் தராது என்பது பெறப்படும்.

மூச்சு முட்டுவது மட்டுமன்று. 1980-ஆம் ஆண்டில் வானோட், ஸ்வீனி என்னும் இரு அமெரிக்க அறிஞர்கள் ஒரு கருத்தை வெளியிட்டனர். ஒவ்வொரு பூச்சிக்கும் உகந்த வெப்பநிலை ஒன்று உண்டு. அதனினும் நீர் சூடானால் அது விரைந்து முதிர்ந்துவிடும். விரைந்து முதிர்வதால் உடல் சிறுத்துப்போம். உடல் சிறுத்த பெண்பூச்சி இடும் முட்டைகளும் குறைந்துபோம் என்பது அக்கருத்தின் சாரம். பெரிதும் குளிர்ந்தாலும் அவ்வாறே சிறுத்துப்போம் என்றும் அவர்கள் கூறினர். ஆகவே ஓர் உயிரைக் கொல்லாமலேயே, அதனைச் சற்று முந்திப் பருவமடையச் செய்வதொன்றாலேயே, அதன் குலத்தைத் தேய்த்துவிட வெப்பத்தால் இயலும். இறந்த உடல்கள் நீரில் மிதக்கமாட்டா. யாரும் காணமாட்டார். ஆண்டுக்கு ஆண்டு சில முட்டைகள் குறையும், அவ்வளவே.

பிரைட்டன்பாக் ஓடையின் கணக்கு

யாரும் காணாததை ஓரிடத்தில் கண்டனர். ஜெர்மனி நாட்டின் ஹெஸ்ஸன் மாநிலத்தில் ஷ்லிட்ஸ் என்னும் சிற்றூர் உளது. அதனருகே ஓடும் மிகச் சிறிய ஓடை பிரைட்டன்பாக். அங்கு மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தின் ஆற்றாய்வு நிலையத்தில் பணியாற்றிய யோவாகிம் இல்லீஸ் என்னும் அறிஞர் 1969-ஆம் ஆண்டு ஓர் எளிய ஏற்பாட்டைச் செய்தார். ஓடையின் ஒரு பகுதியின்மேல் செடி வளர்க்கும் கண்ணாடிக் குடில் போன்ற கூடாரமொன்றை நிறுவினார். நீரிலிருந்து சிறகுபெற்று மேலெழும் பூச்சிகள் அதனுள் அகப்படும். அவற்றை எடுத்து, இனம் பிரித்து, எண்ணிக் குறித்து வைத்தனர். அவ்வாறு பிடிபட்டவை மீண்டும் ஓடைக்குத் திரும்பவில்லை. இம்முறையை நாம் உவந்து எழுதவில்லை என்பதனை மறைக்க வேண்டுவதில்லை. எனினும் அக்கணக்கு இன்று உலகில் மிக நீண்டவற்றுள் ஒன்று. அதனைப் படியாமல் விடுவதால் அவ்வுயிர்களுக்கு ஒரு நன்மையும் விளையப்போவதில்லை.

இல்லீஸ் அவர்கள் இக்கணக்கைத் தொடங்கியபோது தட்பவெப்ப மாற்றம் பற்றி எண்ணினாரல்லர். ஓர் ஓடையில் எத்தனை பூச்சிகள் விளைகின்றன என்பதனை அறியவே முற்பட்டார். 1982-இல் அவர் மறைந்த பின்னும் பணி நிற்கவில்லை. 1969 முதல் 2010 வரை 42 ஆண்டுக் கணக்கினை ஒருங்கே ஆராய்ந்து 2020-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அவ்வோடையின் கரையில் ஆலையில்லை, கழிவுநீர் கலப்பில்லை, பாதுகாக்கப்பட்ட நிலப்பகுதி அது. மாறியது நீரின் சூடும் ஓட்டமுமே. 42 ஆண்டுகளில் நீரின் சராசரி வெப்பம் 1.88 டிகிரி உயர்ந்திருந்தது. பூச்சிகளின் மொத்தத் தொகையோ 81 விழுக்காட்டுக்கு மேல் குறைந்துவிட்டது. நூறு எழுந்த இடத்தில் இருபதும் எழவில்லை என்பது இதன் பொருள். அவை சிறகுபெற்று மிகுதியாக எழும் நாளும் ஏறத்தாழ 13 நாள் முன்னதாக நகர்ந்திருந்தது.

இதில் ஒரு வியப்பு உண்டு. பூச்சிகளின் தொகை இங்ஙனம் சரிந்த அதே காலத்தில், அங்குக் காணப்பட்ட வகைகளின் எண்ணிக்கை குறையவில்லை, மாறாக 8.5 விழுக்காடு கூடிற்று! வகைகளை மட்டும் எண்ணுபவர் இவ்வோடை செழிக்கிறது என்றே எழுதியிருப்பர். நிகழ்ந்தது வேறு. முன்பு பெருந்திரளாய் வாழ்ந்த இனங்கள் சுருங்கின. முன்பு அரிதாய் இருந்தனவும் வெப்பத்தை விரும்புவனவும் ஆங்காங்கே தலைகாட்டின. பெரிய கூட்டுக்குடும்பம் ஒன்று ஊரை விட்டுப் போக, வெளியூரார் சிலர் வந்து ஒரோர் அறையில் குடியேறினால் வாயிற் பெயர்ப்பலகைகள் கூடும். அடுப்பெரியும் வீடு குறையும்.

பூச்சிகள் குறைவதால் பிறர்க்கு யாது இழப்பு எனின், மேலெழும் பூச்சிகளே கரையோரப் பறவைகளுக்கும் சிலந்திகளுக்கும் வௌவால்களுக்கும் உணவு. நீரில் விளைந்த வளம் நிலத்துக்கு ஏறும் படி அவை. 13 நாள் முந்துவது பெரிதன்று எனத் தோன்றலாம். ஆயினும் குஞ்சு பொரிக்கும் நாளை ஒரு பறவை அதே 13 நாள் முந்தச் செய்யுமா என்பதனைப் பொறுத்தே அதன் பெருமையும் சிறுமையும் அமையும்.

வேல்சு நாட்டு மலையோடைகள்

இரண்டாவது கணக்கு பிரிட்டனின் வேல்சு நாட்டினது. அங்கு டூவி என்னும் ஆற்றின் தலைப்பகுதியில் லின் பிரையான் என்னும் நீர்த்தேக்கம் உளது. அதைச் சூழ்ந்த ஓடைகளை 1981 முதல் ஆய்ந்து வருகின்றனர். முதலில் ஆய்வு தொடங்கியது அமில மழையின் பொருட்டு. நிலக்கரிப் புகையிலிருந்து வந்த கந்தகம் மழையோடு கலந்து அவ்வோடைகளைப் புளிக்கச் செய்திருந்தது. ஒரே மழைக்கு அருகருகே ஓடும் ஓடைகளுள் சில புளித்தன. அடிநிலப் பாறையின் இயல்பால் சில புளிக்காமல் நின்றன. இவ்வேற்றுமையே பின்னாளில் பெரும் பயன் தந்தது.

டூரன்ஸ், ஆர்மராட் என்னும் இருவர் 25 ஆண்டுக் குறிப்புகளை ஆராய்ந்து 2007-இல் வெளியிட்டனர். அவ்வோடைகளின் வெப்பம் அக்காலத்துள் 1.4 முதல் 1.7 டிகிரி வரை உயர்ந்திருந்தது. புளிக்காத ஓடைகளில், வெப்பம் ஒரு டிகிரி உயருந்தோறும் இளவேனிற்காலத்துச் சிற்றுயிர்த் தொகை 21 விழுக்காடு அளவு குறையலாம் என அவர்கள் கணித்தனர். 3 டிகிரி வரை உயர்ந்தாலும் பெரும்பான்மை இனங்கள் தாக்குப்பிடிக்கும். ஆனால் ஏற்கெனவே அரிதாயுள்ள 4 முதல் 10 இனங்கள் அவ்விடத்தினின்றும் அற்றுப்போகலாம் என்பதும் அவர்கள் கணிப்பு. புளித்த ஓடைகளிலோ வெப்பத்தின் விளைவு தெளிவாய்த் தோன்றவில்லை. மென்மையான உயிர்களை அமிலம் முன்னரே அகற்றிவிட்டிருந்தது. எஞ்சி நின்றவை எதையும் தாங்கும் சிலவே. நோயாளி முன்னரே படுத்துவிட்ட வீட்டில் புதுக்காய்ச்சல் வந்ததை அறிவது அரிதன்றோ?

அங்கு வாழ்ந்த ஒரு தட்டைப்புழுவைப் பற்றிச் சிறிது விரித்துரைக்க விரும்புகிறோம். கிரெனோபியா ஆல்பினா என்பது அதன் பெயர். ஒன்றரைச் செண்டிமீட்டர் நீளமும் இல்லாத, சாம்பல் நிறமான, மிக எளிய உயிர். பனியூழிக் காலத்தில் ஐரோப்பா எங்கும் பரவியிருந்து, பனி பின்வாங்கியபோது குளிர்ந்த சுனைகளையும் மலையோடைகளின் தலைகளையும் பற்றிக்கொண்டு எஞ்சியது என அறிஞர் கருதுவர். கீழிறங்கினால் சூடு, மேலேறினால் ஓடையே இல்லை. அவ்வாறு ஒரு சுனைத்தலையில் சிறைப்பட்டதற்குப் பறந்து வேறு மலைக்குச் செல்லச் சிறகும் கிடையாது. லின் பிரையான் ஓடைகளில் வெப்பமான குளிர்காலங்கள் தொடர்ந்து வந்த ஒரு காலப்பகுதியில் இப்புழு காணாமற் போயிற்று. அதன் உறவாகிய, சற்றே வெப்பம் பொறுக்கும் வேறொரு தட்டைப்புழு அங்கேயே நிலைத்தது. பனியூழி முடிந்து பல்லாயிரம் ஆண்டுகள் பொறுத்திருந்த ஓர் உயிர், ஒரு மனிதனின் வேலைக்காலத்துக்குள் அவ்விடம் விட்டு நீங்கிற்று. அதற்காக எங்கும் எவரும் துக்கம் காத்ததாகத் தெரியவில்லை. நாமேனும் இவ்விதழில் ஒரு பத்தி எழுதுவோம்.

அமெரிக்காவின் மாண்டானா மாநிலத்துப் பனிமலைகளில் பனியுருகு நீரை நம்பி வாழும் லெட்னியா டுமானா என்னும் கல் ஈயும் இத்தகைய நிலையினதே. அப்பனித்திரள்கள் சுருங்கிவருதலால் 2019-ஆம் ஆண்டு அந்நாட்டரசு அதனை அச்சுறுத்தலுக்கு உள்ளான உயிர்களின் பட்டியலிற் சேர்த்தது. கரடிக்கும் கழுகுக்கும் இடம் தந்த பட்டியலில் விரல்நகத்தினும் சிறியதொரு பூச்சி இடம்பெற்றது குறிக்கத்தக்கது.

உதிர்ந்த இலைகள்

ஓடைக்கு உணவு எங்கிருந்து வருகிறது? மரநிழலில் ஓடும் சிற்றோடையில் பாசி அதிகம் வளராது. கரைமரங்கள் உதிர்க்கும் இலைகளே அங்கு முதலுணவு. நீரில் விழுந்த இலையை முதலில் நுண்ணிய பூஞ்சைகள் பற்றி மென்மையாக்குகின்றன. பிறகு காமாரசும் கேடிஸ் ஈயின் சில புழுக்களும் அதனைக் கடித்துத் துகளாக்குகின்றன. அத்துகளை வலை பின்னுவனவும் விசிறி விரிப்பனவும் உண்கின்றன. ஒருவர் உண்ட மிச்சம் மற்றொருவர்க்கு விருந்தாகும் நெடிய பந்தி இது.

வெப்பம் இப்பந்தியின் முறையைக் கலைக்கிறது. உலகின் பல பகுதிகளில் 22 ஓடைகளில் ஒரே வகை இலைகளை இட்டுச் செய்த ஆய்வொன்று 2011-இல் வெளிவந்தது. குளிர்ந்த ஓடைகளிலும் வெப்ப ஓடைகளிலும் இலை மட்கும் மொத்த வேகம் பெரிதும் வேறுபடவில்லை. ஆனால் மட்கச் செய்தவர் வேறு. குளிர்நீரில் சிற்றுயிர்களின் பங்கு மிகுதி. வெந்நீர் நோக்கிச் செல்லச் செல்ல நுண்கிருமிகளின் பங்கே மிகுதி. சிற்றுயிர் உண்டால் இலையின் ஒரு பகுதி உடலாகவும் துகளாகவும் ஓடையிலேயே தங்கிப் பலர்க்கு உணவாகும். நுண்கிருமி உண்டால் பெரும்பகுதி கரியமிலவாயுவாய் வானேறிவிடும். அவ்வாயுவே வெப்பத்தை மேலும் வளர்ப்பது என்பதனைச் சொல்லத் தேவையில்லை.

வெள்ளமும் வறட்சியும்

தட்பவெப்பம் என்பது சூடு மட்டுமன்று. மழையும் அதனுள் அடங்கும். அமெரிக்காவின் அரிசோனா பாலைநிலத்தில் அபிடஸ் என்னும் பெரிய நீர்ப்பூச்சி ஒன்று வாழ்கிறது. அதன் பெண் முட்டைகளை ஆணின் முதுகிலேயே ஒட்டிவிட்டுச் செல்லும். பொரியும்வரை அவற்றைச் சுமந்து, காற்றும் நீரும் படுமாறு காப்பது தந்தையே. அந்நிலத்து ஓடைகளில் மழை பெய்த சிறிது நேரத்தில் பெருவெள்ளம் சுவர்போல் பாய்ந்து வரும். இப்பூச்சியோ கனமழை தொடர்ந்து விழுவதை உணர்ந்தவுடனேயே நீரை விட்டேறிக் கரைப்பாறைமேல் நடந்து, வெள்ளம் வடிந்தபின் திரும்புகிறது. டேவிட் லைட்டில் என்னும் அறிஞர் 1999-இல் இதனை எழுதினார். மழையின் அளவைக் கண்டு வெள்ளத்தை முன்னறியும் இவ்வறிவை எத்தனையாவது அறிவில் சேர்ப்பது என்று நாம் சிறிது நேரம் திகைத்ததுண்டு.

இத்துணைக் கூரிய உயிர் எதனால் வீழ்ந்தது? அரிசோனாவின் பிரெஞ்சு ஜோ என்னும் பள்ளத்தாக்கில் ஆண்டு முழுதும் வற்றாதிருந்த மடுக்கள் 2000-களின் நடுவில் வந்த கடும் வறட்சியில் வற்றின. பின்னர் மழை வந்தது, மடுக்கள் நிறைந்தன, சிறகுள்ள பூச்சிகள் பல திரும்பின. அபிடஸ் திரும்பவில்லை. அதனால் பறக்க இயலாது. அடுத்த வற்றாத மடுவுக்கும் இதற்கும் இடையே காய்ந்த பாலை. வெள்ளத்துக்கு விடையறிந்த அதற்கு வறட்சிக்கு விடை தெரியவில்லை. அதன் முன்னோர் அக்கேள்வியை அவ்விடத்திற் சந்தித்திருக்கவில்லை போலும்.

கரைநிழலும் ஆற்றுமணலும்

இதுவரை கூறியவற்றால் மனம் தளர்வோர்க்கு ஒரு செய்தி. இங்கிலாந்திலும் வேல்சிலும் 1990-களின் தொடக்கம் முதல் இருபதாண்டுக் கணக்குகளை ஆராய்ந்து 2019-இல் வெளியிட்ட ஆய்வொன்று, அக்காலத்தில் ஆறுகளிற் கழிவு குறைக்கப்பட்டதனால் விளைந்த நன்மை, வெப்பம் விளைத்த தீமையைப் பெரிதும் ஈடுசெய்து வந்ததாகக் காட்டிற்று. கழிவுநீரும் பிராணவாயுவைத் தின்பது; வெப்பமும் அதனைக் குறைப்பது. இரண்டனுள் ஒன்றை நீக்கினால் உயிர்களுக்கு மற்றொன்றைத் தாங்க இடம் கிடைக்கிறது. வெப்பத்தை ஓர் ஊரார் தனியே தடுக்க இயலாது. சாக்கடையை ஓடையில் விடாமல் தடுக்க இயலும். கரையில் மரம் வைத்தலும் அவ்வாறே. கோடை நண்பகலில் நிழல் விழும் ஓடைநீர், திறந்த வெயிலில் ஓடும் நீரைவிடச் சில டிகிரி குளிர்ந்திருக்கும். இதனை எண்ணியே பிரிட்டனில் ஆற்றங்கரைகளில் நிழல்மரம் நடும் பணியை மேற்கொண்டுள்ளனர். மரம் நிழலும் தரும், இலையும் தரும்.

இனி நம் பக்கத்து ஆறுகளுக்கு வருவோம். சவ்வாது மலையிற் பிறந்து பாலாற்றோடு கலக்கும் செய்யாறும், பாலாறும் ஆண்டின் பல மாதங்கள் வெறும் மணலாய்க் கிடப்பன. குளிர்நாட்டு ஓடைகளின் கணக்கை அப்படியே இவற்றின்மேல் ஏற்றுதல் பொருந்தாது. இங்குள்ள உயிர்கள் வறட்சிக்குப் பழகியவை. எங்குப் பழகின எனின், மணலுக்குள். மேலே ஓட்டம் நின்றபின்னும் மணலின் அடியில் நீர் மெல்ல ஊர்ந்துகொண்டே இருக்கும். பரல்களுக்கும் மணற்பொடிகளுக்கும் இடையிலுள்ள அந்த ஈரத்தில் சிற்றுயிர்கள் ஒதுங்கி, அடுத்த வெள்ளம் வரும்வரை காத்திருக்கின்றன. வெயிலின் சூடும் அங்கு அவ்வளவாய் இறங்காது. ஆற்றின் அடியில் உள்ள இவ்வாறு, ஓடைகளை ஆராய்வோர் பலராலும் உயிர்களின் புகலிடம் எனப் போற்றப்படுவது.

கோடையில் ஆற்றுமணலை முழங்கையளவு தோண்டி ஊற்றெடுத்து, தெளியும்வரை இறைத்துவிட்டு, மெல்லிய துணியை நான்காய் மடித்துக் குடத்தின் வாயிலிட்டு நீர் முகந்த தாய்மார்கள் அந்தப் புகலிடத்தின் நீரையே முகந்தனர். முகந்து முடித்ததும் துணியை வெளிமணலில் உதறாமல் அவ்வூற்றின் நீரிலேயே தலைகீழாய் அலசினர். மணல் ஆழமாய் இருந்தவரை அவ்வுயிர்கள் மீண்டும் கீழே இறங்கிக்கொள்ள வழி இருந்தது. மணல் அள்ளப்பட்டுக் களிமண்ணும் பாறையும் தெரியும் இடங்களில் ஊற்று எடுக்கவும் இயலாது; எடுத்ததைத் திருப்பி விடவும் இடமில்லை. மழைக்கும் மழைக்கும் இடையே வறண்ட நாட்கள் நீளுந்தோறும் அவ்வுயிர்கள் நாடிச் செல்ல வேண்டிய ஆழமும் கூடும். அவ்வாழம் வரை மணல் இருத்தல் வேண்டும்.